தனி உறுப்புகள் எங்கே இருக்கின்றன? எலக்ட்ரான் பாரா காந்த ஒத்ததிர்வுப் படமாக்கத்தின் வரலாறு

எலக்ட்ரான் பாரா காந்த ஒத்ததிர்வுப் படமாக்கம் என்பது, ஒரு பொருளை வெட்டாமலும் உடைக்காமலும் அதனுள் தனி உறுப்புகள் எந்தெந்த இடத்தில், எவ்வளவு செறிவில் பரவியுள்ளன என்பதைப் படமாகக் காட்டும் முறையாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதனை இ.பி.ஆர். படமாக்கம் என்பர். எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு என்ற மற்றொரு பெயரால் இ.எஸ்.ஆர். படமாக்கம் என்றும் வழங்குவதுண்டு. இரண்டும் ஒன்றே.

மொட்டை மாடியில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் குடத்தை எல்லோரும் பார்த்திருப்போம். நிறம் வெளுத்து, மேற்பரப்பு மாவாக உதிர்ந்து, கடைசியில் கை பட்டாலே விரிசல் விடும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அறுந்த முனைகளில் தனி உறுப்புகள் பிறக்கின்றன. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து அடுத்தடுத்த சங்கிலிகளையும் அறுக்கின்றன. மின்கம்பியின் உறை, மோட்டார் வாகனத்தின் பாகம், மருத்துவமனைக் குழாய் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். எனவே ஒரு பொருளில் தனி உறுப்புகள் எவ்வளவு உள்ளன என்று அறிவதோடு, அவை எங்கே உள்ளன என்று அறிவதும் தேவையாகிறது. முதல் கேள்விக்கு 1944-இல் விடை காணும் வழி பிறந்தது. இரண்டாவது கேள்விக்கான வழி பிறக்க மேலும் 35 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

தனி உறுப்பு என்னும் கருத்து

மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பொதுவாக இணை இணையாகவே இருக்கும். இணை சேராத ஓர் எலக்ட்ரானைக் கொண்ட அணு அல்லது அணுக்கூட்டமே தனி உறுப்பு. இணை தேடும் இந்த எலக்ட்ரானால் தனி உறுப்புகள் மிகுந்த வினைத்திறன் பெறுகின்றன. ஆகவே பெரும்பாலானவை தோன்றிய கணத்திலேயே மறைந்துவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் மோசஸ் கோம்பெர்க், 1900-ஆம் ஆண்டில் ஹெக்சாஃபினைல் ஈத்தேன் என்னும் சேர்மத்தைத் தயாரிக்க முயன்றார். அவருக்குக் கிடைத்த பொருளோ எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. அதன் கரைசல் மஞ்சள் நிறம் காட்டியது. காற்றுப் பட்டதும் ஆக்சிஜனுடன் விரைந்து வினைபுரிந்தது. அது டிரைஃபினைல் மெத்தில் என்னும் தனி உறுப்பு என்று அவர் அறிவித்தார். கார்பன் எப்போதும் நான்கு பிணைப்புகளைக் கொண்டது என்று உறுதியாக நம்பிய அக்கால வேதியியலாளர் பலர் இதனை எளிதில் ஏற்கவில்லை. நிறத்தையும் வினையையும் கொண்டு ஊகிக்கலாமே தவிர, இணை சேராத எலக்ட்ரானை நேரடியாகக் கண்டறியும் கருவி எதுவும் அன்று இல்லை.

அதற்கான அடிப்படை 1925-இல் கிடைத்தது. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று ஊலன்பெக், கௌட்ஸ்மிட் ஆகிய இருவரும் முன்மொழிந்தனர். தற்சுழற்சியால் ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு சிறு காந்தம் போல் செயல்படுகிறது. இணையாக இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களின் காந்தத் தன்மைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். இணை சேராத எலக்ட்ரானின் காந்தத் தன்மை மட்டும் எஞ்சி நிற்கும். காந்தப்புலத்தில் வைத்தால் அது இரண்டு ஆற்றல் நிலைகளில் ஒன்றில் நிற்கும். அந்த இரு நிலைகளுக்கும் இடையிலான ஆற்றலுக்குச் சரியாகப் பொருந்தும் மின்காந்த அலையைச் செலுத்தினால், எலக்ட்ரான் அதனை உறிஞ்சிக்கொண்டு மேல்நிலைக்குத் தாவும். இதுவே ஒத்ததிர்வு.

கசான் நகரில் ஒரு கண்டுபிடிப்பு

இந்த உறிஞ்சுதலை முதலில் கண்டவர் யெவ்கேனி சவோய்ஸ்கி. வோல்கா ஆற்றங்கரையிலுள்ள கசான் நகரின் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றினார். 1941-இல் ஆல்ட்ஷுலர், கோசிரெவ் என்னும் சக ஆய்வாளர்களுடன் அணுக்கருவின் ஒத்ததிர்வைக் காண முயன்றார். அவர்களிடம் இருந்த காந்தத்தின் புலம் போதிய அளவு சீராக இல்லை. சமிக்ஞை ஒருமுறை தோன்றும், மறுமுறை தோன்றாது. அதே ஆண்டில் ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்ததால் ஆய்வு நின்றுபோனது.

போர் முடியும் முன்பே அவர் மீண்டும் ஆய்வுக்குத் திரும்பினார். இம்முறை அணுக்கருவை விட்டு எலக்ட்ரானைத் தேடினார். 1944-இல் தாமிரக் குளோரைடு உப்பில், 133 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், காந்தப்புலம் 4.76 மில்லி டெஸ்லா ஆனபோது ஆற்றல் உறிஞ்சப்படுவதைக் கண்டார். எலக்ட்ரானின் ஒத்ததிர்வு அதிர்வெண் ஒரு டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 28 கிகா ஹெர்ட்ஸ் என்பதை இன்று அறிவோம். மாணவர்கள் 28 கிகா ஹெர்ட்ஸை 0.00476-ஆல் பெருக்கிப் பார்த்தால் 133 மெகா ஹெர்ட்ஸ் கிடைப்பதைக் காணலாம்.

அமெரிக்காவில் பிளாக், பர்செல் ஆகியோர் அணுக்கரு காந்த ஒத்ததிர்வைக் கண்டறிந்தது இதற்குப் பின், 1945-46 காலத்தில்தான். அவர்களுக்கு 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது. சவோய்ஸ்கிக்கு அப்பரிசு கிடைக்கவில்லை. 1957-இல் அவருடைய நாடு லெனின் பரிசு வழங்கியது. அவர் 1976-இல் காலமானார். இன்று கசானிலுள்ள இயற்பியல் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சராசரி மறைத்த உண்மை

போர்க்காலத்தில் ரேடாருக்காக உருவாக்கப்பட்ட நுண்ணலைக் கருவிகள், போர் முடிந்ததும் ஆய்வகங்களுக்கு வந்து சேர்ந்தன. ஆக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களில் அவற்றைக் கொண்டு இ.பி.ஆர். நிறமாலைமானிகள் அமைக்கப்பட்டன. சுமார் 9.5 கிகா ஹெர்ட்ஸ் நுண்ணலையும் 340 மில்லி டெஸ்லா காந்தப்புலமும் வழக்கமான அளவுகளாயின. 1950-களில் நிறுவனங்கள் இக்கருவியைத் தயாரித்து விற்கத் தொடங்கின. கதிர்வீச்சுப்பட்ட பாலிமர், கரி, படிகம், நொதி எனப் பலவற்றையும் ஆராய்ந்தனர்.

நிறமாலைக் கோட்டின் வடிவத்தைக் கொண்டு அது எந்தத் தனி உறுப்பு என்று சொல்ல முடிந்தது. கோட்டின் பரப்பைக் கொண்டு எத்தனை உறுப்புகள் என்று கணக்கிட முடிந்தது. ஆனால் காந்தப்புலம் மாதிரிப் பொருள் முழுவதும் சீராக இருந்ததால், அதன் எல்லாப் பகுதிகளிலுமுள்ள தனி உறுப்புகளும் ஒரே நேரத்தில் பதில் தந்தன. மேற்பரப்பில் உள்ளது எது, நடுவில் உள்ளது எது என்று பிரித்தறிய வழியில்லை. கிடைத்தது மொத்தக் கணக்கு மட்டுமே.

ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 50 என்று மட்டும் சொன்னால் அந்த வகுப்பைப் பற்றி என்ன தெரியும்? எல்லோரும் 50 பெற்றிருக்கலாம். பாதிப்பேர் 100-ம் மீதிப்பேர் சுழியும் பெற்றிருக்கலாம். பிளாஸ்டிக் தகடு ஒன்றிலும் அப்படித்தான். தனி உறுப்புகள் தகடு முழுவதும் சிறிதளவு பரவியிருந்தால் அது இன்னும் சில காலம் உழைக்கும். அதே எண்ணிக்கை மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்கில் குவிந்திருந்தால், அங்கே விரிசல் தொடங்கி உள்நோக்கிப் பரவும். மொத்தக் கணக்கில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்கும்போதுதான் பொருந்தும். மேற்புறத்திலிருந்து சிதையும் பொருளுக்கு அது பொருந்தாது.

இடம் அறிய வேண்டுமானால் பொருளை மெல்லிய துண்டுகளாகச் சீவி ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். அவ்வாறு சீவிய பின் அதே பொருள் அடுத்த மாதம் எப்படி மாறியது என்று பார்க்க முடியாது. சீவும்போது ஏற்படும் உராய்வே சில பாலிமர்களில் புதிய தனி உறுப்புகளை உண்டாக்கிவிடும் என்பது மற்றொரு தொல்லை.

காந்தப்புலச் சரிவு என்னும் வழி

இதற்கான விடை அணுக்கரு காந்த ஒத்ததிர்வுத் துறையிலிருந்து வந்தது. 1973-இல் பால் லாட்டர்பர், நீர் நிரப்பிய இரண்டு நுண்குழாய்களின் குறுக்குவெட்டுப் படத்தை நேச்சர் இதழில் வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. என்று வழங்கும் முறைக்கு அதுவே தொடக்கம். அதற்காக அவர் 2003-இல் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவர் செய்தது எளிய மாற்றம். ஆய்வாளர்கள் அதுவரை பெரும்பாடுபட்டுச் சீராக்கி வைத்திருந்த காந்தப்புலத்தை வேண்டுமென்றே சீரற்றதாக்கினார். ஒரு முனையில் புலம் சற்றுக் குறைவாகவும் மறுமுனையில் சற்று அதிகமாகவும் இருக்கும்படி ஒரு சரிவை ஏற்படுத்தினார். அப்போது ஒவ்வோர் இடமும் தனக்குரிய அதிர்வெண்ணில் பதில் தரும். வீணை வாசிப்பவரைப் பார்க்காமலே, ஒலிக்கும் சுரத்தைக் கொண்டு விரல் எந்த மெட்டில் நிற்கிறது என்று ஒருவர் சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல அதிர்வெண்ணைக் கொண்டு இடத்தைச் சொல்லிவிடலாம்.

இதனை எலக்ட்ரானுக்குப் பொருத்திப் பார்ப்போம். 10 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பொருளின் நடுவில் 340 மில்லி டெஸ்லா புலம் உள்ளதாகக் கொள்வோம். மில்லிமீட்டருக்கு 1 மில்லி டெஸ்லா என்னும் சரிவை ஏற்படுத்தினால் ஒரு முனையில் 335, மறுமுனையில் 345 மில்லி டெஸ்லா இருக்கும். இப்போது கிடைக்கும் நிறமாலை, பொருளின் நீளவாக்கில் தனி உறுப்புகள் பரவியுள்ள விதத்தைக் காட்டும் வரைபடமாகவே அமையும். நிறமாலைக் கோட்டின் அகலம் 0.1 மில்லி டெஸ்லா என்றால், 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை வேறுபடுத்திக் காணலாம். அதாவது கோட்டின் அகலத்தைச் சரிவால் வகுத்தால் பிரிதிறன் கிடைக்கும். சரிவின் திசையைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல கோணங்களில் பதிவு செய்து கணினியில் இணைத்தால் இரு பரிமாண, முப்பரிமாணப் படங்கள் கிடைக்கும். சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்கும் கணித முறையும் இதுவே.

வைரத்தில் முதல் படம்

1979-ஆம் ஆண்டு இத்துறையின் தொடக்க ஆண்டாகக் கருதப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் ஹோக், டே என்னும் இரு ஆய்வாளர்கள், வைரத்தினுள் இருக்கும் பாரா காந்த மையங்களின் பரவலைப் புலச் சரிவு முறையில் படமாக்கி வெளியிட்டனர். வைரத்தில் கார்பன் அணு இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அணு அமர்ந்தால் ஓர் எலக்ட்ரான் இணையின்றி எஞ்சும். இத்தகைய மையங்கள் வைரத்தில் உண்டு என்பது 1959 முதல் இ.பி.ஆர். ஆய்வுகளால் தெரிந்திருந்தது. படிகம் வளர்ந்த விதத்திற்கேற்ப இவை ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். அதே 1979-இல் கார்த்தே, வேர்ஸ்டோர்ஃபர் என்பவர்களும் பாரா காந்த மையங்களின் சீரற்ற பரவலை அளக்கும் முறையை வெளியிட்டனர்.

1980-களில் முயற்சிகள் பல நாடுகளில் பெருகின. ஜப்பானில் ஓனோ, பாயும் கரைசலில் குறைந்த ஆயுள் கொண்ட தனி உறுப்புகளை ஆராயப் படமாக்கத்தைப் பயன்படுத்தினார். சோவியத் நாட்டில் லெபடேவ் குழுவினர், வலிமையான புலச் சரிவைக் கொண்டு தனி உறுப்புகளின் விரவுதலை ஆராய்ந்தனர். அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் கேரத் ஈட்டன், சாண்ட்ரா ஈட்டன் தம்பதியர் நிறமாலையையும் இடத்தையும் ஒருசேரக் காட்டும் படங்களை வளர்த்தெடுத்தனர். இவ்வகைப் படத்தில் ஓர் அச்சு இடத்தைக் குறிக்கும்; மற்றோர் அச்சு அந்த இடத்தின் நிறமாலையைத் தரும். ஆகவே எங்கே எவ்வளவு என்பதோடு, எங்கே எந்த வகை என்பதும் தெரியலாயிற்று. ஈட்டன் தம்பதியரும் ஓனோவும் இணைந்து பதிப்பித்த நூல் 1991-இல் வெளிவந்து, சிதறிக் கிடந்த இந்த அறிவை ஓரிடத்தில் சேர்த்தது.

ஏன் இது எம்.ஆர்.ஐ. போல் பரவவில்லை?

எலக்ட்ரானின் காந்தத் தன்மை புரோட்டானைப்போல் ஏறத்தாழ 658 மடங்கு பெரியது. சமிக்ஞையும் அதற்கேற்ப வலுவானது. அப்படியிருந்தும் ஊர்தோறும் எம்.ஆர்.ஐ. மையங்கள் இருக்க, இ.பி.ஆர். படக்கருவி ஆய்வகத்திற்குள்ளேயே நின்றுவிட்டது. இதற்கு இயற்கையிலேயே அமைந்த காரணங்கள் உள்ளன.

முதலாவது, உடலில் நீர் எங்கும் நிறைந்துள்ளது. ஆகவே புரோட்டான்களுக்குக் குறைவில்லை. தனி உறுப்புகளோ அரியவை. இரண்டாவது, கிளர்வுற்ற புரோட்டான் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்ப நொடிக்கணக்கில்கூட ஆகலாம். அந்த அவகாசத்தில் புலச் சரிவை மாற்றி மாற்றிப் பல தகவல்களைப் பெறலாம். எலக்ட்ரான் பெரும்பாலும் மைக்ரோ நொடிகளில் அல்லது அதைவிட விரைவாகத் தளர்ந்துவிடும். மூன்றாவது, தளர்வு விரைவாக இருப்பதால் நிறமாலைக் கோடுகள் அகலமாகின்றன. அகலமான கோட்டுக்கு மிக வலிமையான சரிவு தேவை. நான்காவது, 9.5 கிகா ஹெர்ட்ஸ் நுண்ணலையின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். எனவே மாதிரி வைக்கும் ஒத்ததிர்வறையும் சிறியது. நீர் நிறைந்த பொருளானால் நுண்ணலையை நீரே உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தக் குறைகளில் பல, உலர்ந்த சிறிய திடப்பொருளுக்குப் பொருந்தாதவை. திடப்பொருளில் தனி உறுப்புகள் நீண்ட காலம் சிக்கிக் கிடப்பதும் உண்டு. அதனால்தான் பொருளறிவியலில் இம்முறை தனக்கென ஓர் இடம் பெற்றது.

பிளாஸ்டிக்கின் முதுமையைக் காணுதல்

பொருளறிவியலில் இதன் பயனைத் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷுலமித் ஷ்லிக். அவருடைய குழுவினர் 2000-ஆம் ஆண்டையொட்டி ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை ஆராய்ந்தனர். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றிலிருந்து உருவாகும் இது, கணினிப் பெட்டிகள், வாகன உட்பாகங்கள், விளையாட்டுப் பொருள்கள் முதலியவற்றில் மிகுதியாகப் பயன்படுகிறது.

வெயிலைத் தாங்குவதற்காக இத்தகைய பிளாஸ்டிக்குகளில் தடைபட்ட அமீன் என்னும் வகையைச் சேர்ந்த பாதுகாப்புச் சேர்மங்களைக் கலப்பர். சிதைவு நடக்கும்போது இவை நைட்ராக்சைடு என்னும் நிலையான தனி உறுப்புகளாக மாறி, சங்கிலியை அறுக்கும் உறுப்புகளைப் பிடித்து அடக்குகின்றன. நைட்ராக்சைடுகள் நீடித்து நிற்பதால் இ.பி.ஆர். படத்தில் தெளிவாகத் தெரியும். பாதுகாவலரின் காலடித் தடத்தைக் கொண்டு திருடன் வந்த வழியை அறிவது போன்றது இது.

புற ஊதாக் கதிர்பட்ட தகடுகளில் நைட்ராக்சைடுகள் மேற்பரப்பை ஒட்டியே குவிந்திருந்தன. மிதமான சூட்டில் வைக்கப்பட்ட தகடுகளிலோ அவை பெரும்பாலும் சீராகப் பரவியிருந்தன. புற ஊதாக் கதிர் ஆழமாக ஊடுருவாது. மிதமான சூடு தகடு முழுவதும் பரவும். மேலும், சிதைவு மிக விரைவாக நடக்கும்போது ஆக்சிஜன் உள்ளே செல்லும் முன்பே வெளியடுக்கில் தீர்ந்துவிடும் என்பதும் பாலிமர் அறிவியலில் அறியப்பட்ட உண்மை.

இதிலிருந்து தொழில்துறைக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை கிடைக்கிறது. ஒரு பொருள் 20 ஆண்டுகள் உழைக்குமா என்று அறிய 20 ஆண்டுகள் காத்திருக்க முடியாது. எனவே அதிக வெப்பத்திலோ கடும் ஒளியிலோ சில வாரங்கள் வைத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையில் சிதைவு பரவும் விதமும், உண்மையான பயன்பாட்டில் சிதைவு பரவும் விதமும் வேறு வேறாக இருந்தால், சோதனையின் முடிவை நம்பி ஆயுளைக் கணிப்பது தவறாகிவிடும். மொத்த எண்ணிக்கை இந்த வேறுபாட்டைக் காட்டாது. பரவலின் படம் காட்டிவிடும்.

கல்லும் மின்கலமும்

இயற்கைக் கதிர்வீச்சினால் பாறைகளிலும் எலும்புகளிலும் இணை சேராத எலக்ட்ரான்கள் ஆண்டாண்டாகச் சேர்கின்றன. ஜப்பானைச் சேர்ந்த மோட்டோஜி இக்கேயா, 1975-இல் அக்கியோஷி குகையின் கசிதுளிப் படிவு ஒன்றின் வயதை இ.பி.ஆர். முறையில் கணக்கிட்டார். பின்னர் இத்தகைய மையங்களின் பரவலைக் காட்டும் நுண்ணோக்கிகளையும் உருவாக்கினார்.

மின்கலங்களில் இதன் பயன் அண்மைக் காலத்தது. லித்தியம் அயனி மின்கலத்தை மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது, சில வேளைகளில் லித்தியம் உலோகம் முட்கள் போல் வளர்ந்து இரு மின்முனைகளையும் இணைத்துவிடும். மின்கலம் தீப்பற்றுவதற்கு இது ஒரு காரணம். லித்தியம் உலோகம் தனி உறுப்பு அன்று; எனினும் அதிலுள்ள கடத்து எலக்ட்ரான்கள் இ.பி.ஆர். சமிக்ஞை தருகின்றன. 2015-இல் டாரஸ்கான், வெசின் உள்ளிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள், இயங்கிக்கொண்டிருக்கும் மின்கலத்தினுள் லித்தியம் படியும் இடத்தை இ.பி.ஆர். படமாக்கத்தால் காட்டினர். மின்கலத்தைப் பிரிக்காமல் இதனைக் கண்டது குறிப்பிடத்தக்கது.

தமிழகத் தொடர்பு

உயிருள்ள விலங்குகளில் படம் எடுப்பதற்கு நுண்ணலையை விட்டு, நீரை எளிதில் ஊடுருவும் 300 மெகா ஹெர்ட்ஸ் போன்ற ரேடியோ அலைகளுக்கு இறங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் முரளி கிருஷ்ணா தலைமையில் நடந்த இம்முயற்சியில், சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியராக இருந்த சங்கரன் சுப்பிரமணியன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முருகேசன் ஆகியோருக்கும் முக்கியப் பங்குண்டு. துடிப்பு முறையில் சுண்டெலியின் உடலுக்குள் எடுத்த படங்களை இக்குழு 1990-களின் பிற்பகுதியில் வெளியிட்டது. புற்றுக்கட்டியின் எந்தப் பகுதியில் ஆக்சிஜன் குறைவு என்று அறிவது இதன் நோக்கம். ஆக்சிஜன் குறைந்த பகுதி கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எளிதில் பணியாது.

இப்படங்களுக்காக உடலில் செலுத்தப்படும் துப்பறியும் சேர்மம் டிரைட்டைல் எனப்படும். அது வேறொன்றுமில்லை, 1900-இல் கோம்பெர்க் கண்ட டிரைஃபினைல் மெத்திலின் வழித்தோன்றலே. ஒரே ஒரு மெல்லிய கோட்டைத் தருவதால் படமாக்கத்திற்கு அது மிகவும் ஏற்றது.

இன்றைய நிலை

வழக்கமான இ.பி.ஆர். படங்களின் பிரிதிறன் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது. சிறப்பு நுண்ணோக்கிகளால் அதனை மைக்ரோமீட்டர் அளவுக்கும் அதற்குக் கீழும் கொண்டுவந்துள்ளனர். 2004-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டேனியல் ருகர் குழுவினர், காந்த ஒத்ததிர்வு விசை நுண்ணோக்கி முறையில் ஒற்றை எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் கண்டறிந்தனர். வைரமும் மீண்டும் முன்னணிக்கு வந்துள்ளது. நைட்ரஜன் அணுவும் அதன் அருகில் ஒரு வெற்றிடமும் சேர்ந்த மையத்தை ஒளியின் துணையால் ஒவ்வொன்றாக அளக்க முடியும் என்று 1997-இல் காட்டப்பட்டது. அத்தகைய மையத்தை நுண்ணிய உணர்வியாகக் கொண்டு அருகிலுள்ள பொருளின் காந்தத் தன்மையைப் புள்ளி புள்ளியாக அளக்கின்றனர். 1979-இல் படம் எடுக்கப்படும் பொருளாக இருந்த வைரம் இன்று படம் எடுக்கும் கருவியாகியிருக்கிறது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. தனி உறுப்புகள் மிக விரைவில் மறையும் பொருள்களில் இது பயன்படாது. கோடுகள் மிக அகலமானால் படம் மங்கும். ஆயினும், ஒரு பொருள் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு ஆழம்வரை, எவ்வளவு வேகமாக முதுமையடைகிறது என்பதை, அப்பொருளைக் கெடுக்காமல் மீண்டும் மீண்டும் பார்க்க உதவும் வழிகள் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.